மறு: தொகுப்பி எச்சரிக்கைகள் – ‘மூலவிடம்’, ‘நிரலிடம்’ இரண்டுக்கும் மறுப்பு

குழுவினருக்கு வணக்கம். நாம் எழுதும் மூலநிரலைக் கணினிக்கு ஏற்ப மாற்றும் மென்பொருள்தான் தொகுப்பி. அது எச்சரிக்கும்போது மூலநிரலில் எந்த இடம் என்று சொல்கிறதே, அந்த இடத்துக்கும் அதைச் சார்ந்தவற்றுக்கும் தமிழ்ச் சொல் தேடும் இழைக்கு என் மறுமொழி இது.

> மூலநிரலில் ஓர் இடம், ஆகவே ‘மூலவிடம்’. புணர்ச்சியும் சரியாக இருக்கிறது.

ஐயா, புணர்ச்சியில் குறை சொல்ல முடியாது. ஆனால் வாசிப்பவர் ‘மூல விடம்’ என்று பிரித்தால் நஞ்சாகிவிடுகிறது. ‘மூலம்’ என்ற சொல்லோ ஏற்கெனவே வைத்தியசாலைப் பலகைகளில் வேறு வேலை பார்த்துக்கொண்டிருக்கிறது. இரண்டும் ஒரே சொல்லில் சேர வேண்டாம்.

> அப்படியானால் ‘நிரலிடம்’ என்று வைத்துவிடலாமே?

அக்கா, இதைத்தான் நான் கடுமையாக எதிர்க்கிறேன். இலங்கைப் பிள்ளைகளுக்கு ‘நிரல்’ என்றால் முதலில் நினைவுக்கு வருவது அட்டவணையில் மேலிருந்து கீழாக ஓடும் வரிசை. தாயம் (தமிழ்நாட்டில் ‘அணி’) படிக்கும்போது நிரை, நிரல்; விரிதாளிலும் நிரை, நிரல். கணினிக்கு எழுதுவதைச் ‘செய்நிரல்’ என்று படிக்கிறார்கள். உவர்மலையில் என்னிடம் மாலை வகுப்புக்கு வரும் உயர்தர மாணவர்களிடம் “மூலநிரலின் 14ஆம் வரி, 9ஆம் நிரல்” என்று சொன்னால், எந்த நிரலைச் சொல்கிறேன் என்று விழிப்பார்கள். தமிழ்நாட்டிலும் அணிகள் பாடத்தில் நிரை, நிரல்தானே? எச்சரிக்கைச் செய்தியில் இரண்டு பொருளும் ஒரே வரியில் வந்து மோதும். வேறு எந்தத் துறையிலும் இந்த மோதல் இவ்வளவு நெருக்கமாக நேராது.

சரி, எதற்குப் பெயர் வைக்கிறோம் என்று பார்ப்போம். கோப்பின் பெயர், வரி, வரிக்குள் எங்கே என்ற மூன்றையும் தொகுப்பி ஒவ்வொரு சொற்கூறின் (நிரலைப் பிரித்தால் வரும் மிகச் சிறிய துண்டின்) மேலும் எழுதி ஒட்டுவதில்லை. நினைவகம் தாங்காது. ஒரேயோர் எண்ணை ஒட்டுகிறது. ஜிசிசி, கிளாங் இரண்டும் சி மொழித் தொகுப்பிகள். ஜிசிசியில் நெடுங்காலம் அது 32 பிட் எண்; 2025இல் வந்த 15ஆம் பதிப்பில்தான் 64 பிட் ஆனது. கிளாங்கில் வழமையாக 32 பிட். அதிலும் ஒரு பிட், ‘இது மேக்ரோவிலிருந்து (பெயரை எழுதினால் அதன் இடத்தில் விரியும் நிரல் துண்டிலிருந்து) வந்தது’ என்று சொல்வதற்கே போய்விடுகிறது. அந்த எண்ணைத் தொகுப்பி தனியாக வைத்திருக்கும் அட்டவணையில் தேடினால்தான் கோப்பும் வரியும் தெரியவரும். ஆகவே ஒட்டப்படுவது இடத்துக்குப் பதிலாக நிற்கும் ஒரு குறி. என் பரிந்துரை: ‘இடக்குறி’. அந்த அட்டவணை ‘இடக்குறி அட்டவணை’. ‘இடச்சுட்டு’ என்று ஒருவர் எழுதியிருந்தார். சி மொழியில் நினைவக முகவரியைக் காட்டும் ‘சுட்டி’ இருக்கும்போது அதன் அருகே போகாமல் இருப்பது நல்லது.

அடுத்தது, இந்தக் குறிகளைத் தொகுப்பி கடைசிவரை வைத்திருக்கும் வேலைக்கு இழையில் எல்லோரும் கேள்வி கேட்காமல் ஏற்றுக்கொண்ட ‘கண்காணிப்பு’. எங்கள் ஊரில் அந்தச் சொல்லைக் கேட்டால் யாருக்கும் தொகுப்பி நினைவுக்கு வராது. அதை விட்டாலும், தொகுப்பி எதையும் பின்தொடர்ந்து போவதில்லை. தொடக்கத்தில் ஒட்டிய குறியைக் கடைசிவரை தொலைக்காமல் வைத்திருக்கப் பாடுபடுகிறது. மூலநிரல் பாகுபடுத்தப்பட்டு, மரமாகி, உகப்பாக்கத்தில் (வேகமாக ஓடுவதற்காக நிரலை மாற்றியமைக்கும் கட்டத்தில்) வெட்டி ஒட்டப்பட்டு, ஒரு செயற்கூறு அதை அழைத்த இடத்திலேயே விரித்து வைக்கப்பட்டு, இத்தனைக்கும் பிறகும் குறி சரியாக இருக்க வேண்டும். தொடக்க மதிப்பு இடாமல் மாறியைப் பயன்படுத்தியிருக்கலாம் என்ற எச்சரிக்கையை ஜிசிசி உகப்பாக்கத்தின் நடுவில்தான் கண்டுபிடிக்கிறது. அதற்குள் இரண்டு கூற்றுகள் ஒன்றாகியிருந்தால் எந்தக் கூற்றின் குறியைச் சொல்வது? நமக்குக் ‘கணக்குப் பேணல்’, ‘பதிவேடு பேணல்’ என்று நல்ல வழக்கு ஏற்கெனவே இருக்கிறது. ‘இடக்குறி பேணல்’ என்றே சொல்வோம்.

பேணத் தவறினால் என்ன ஆகும் என்பதற்கு ஜிசிசியிலேயே ஓர் எடுத்துக்காட்டு உண்டு. 15ஆம் பதிப்புக்கு முன், பெரிய தலைப்புக் கோப்புகள் உள்ளே குவியக் குவிய, 32 பிட்டுக்குள் எண்கள் தீரத் தொடங்கும். அப்போது அது முதலில் விடுவது, பிழையான பகுதி எதிலிருந்து எதுவரை என்ற வீச்சை. அடுத்து வரிக்குள் உள்ள இடத்தை. கடைசியில் வரியையே. 2014இல் ஆப்பிளின் பாதுகாப்பு நிரலில் ஒரு தாவல் கட்டளை தவறுதலாக இரண்டு முறை எழுதப்பட்டிருந்தது தெரியவந்தது. இரண்டாவதும் உள்தள்ளி இருந்ததால், நிபந்தனைக்குள் அடங்கியது போலக் கண்ணை ஏமாற்றியது. 2016இல் வந்த ஜிசிசி 6 இப்படி ஏமாற்றும் உள்தள்ளலை எச்சரிக்கும். ஆனால் அதற்கு வரிக்குள் இடம் தெரிய வேண்டும். அந்தக் கணக்கு கைவிடப்பட்டதும், இனி இந்த எச்சரிக்கை வராது என்று ஒரு குறிப்பைப் போட்டுவிட்டு ஜிசிசி ஒதுங்கிக்கொள்கிறது.

இனி அந்த ‘வரிக்குள் இடம்’. ‘நிரல்’ வேண்டாம் என்றேன். ‘எழுத்தெண்’ என்று சிலர் சொன்னார்கள். தமிழ் எழுதுகிறவர்கள் அதை ஏற்கவே கூடாது. மேற்கோளுக்குள் ‘திருகோணமலை’ என்று ஒரு சரம், அதற்கு அடுத்து ஒரு பிழை என்று வைத்துக்கொள்ளுங்கள். கண்ணுக்கு 6 எழுத்துகள். ஒருங்குறியில் 10 குறியீடுகள்: த, இகரக் குறி, ர, உகரக் குறி, க, ஓகாரக் குறி, ண, ம, ல, ஐகாரக் குறி. ஒருங்குறியைக் கோப்பில் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொன்றுக்கும் 3 பைட், ஆக 30. ஓகாரத்தை எவராவது இரண்டு துண்டாகத் தட்டியிருந்தால் 11 குறியீடு, 33 பைட். எழுத்தாக எண்ணினால் ஒரு விடை, பைட்டாக எண்ணினால் 24 தள்ளி இன்னொரு விடை. ஜிசிசி 10 வரை பைட்டைத்தான் எண்ணியது. 2021இன் 11ஆம் பதிப்பிலிருந்து திரையில் பிடிக்கும் அகலத்தை எண்ணுகிறது. நிரல் திருத்தியும் மொழிச் சேவையகமும் பேசிக்கொள்ளும் எல்எஸ்பி நெறிமுறையோ வழமையாக யூடிஎஃப்-16 அலகை, அதுவும் பூச்சியத்திலிருந்து எண்ணுகிறது. எதை எண்ணுகிறோம் என்று வாக்குக் கொடுக்காத சொல்தான் நமக்கு வேண்டும். ‘வரியிடம்’ போதும்: “வரி 14, வரியிடம் 33”.

மேக்ரோவுக்கு வருவோம். பிழை மேக்ரோவின் உள்ளே இருந்தால் இரண்டு இடங்களைச் சொல்ல வேண்டும்: அந்தத் துண்டு எழுதப்பட்ட இடமும், மேக்ரோ விரிந்த இடமும். ஜிசிசி 2013இன் 4.8 பதிப்பிலிருந்து இரண்டையும் தானாகவே பேணுகிறது. மட்டக்களப்புத் தம்பி ‘பிறப்பிடம்’, ‘வதிவிடம்’ என்று முன்மொழிந்திருந்தார். கிராம உத்தியோகத்தரின் படிவம் போல இருக்கிறது என்று சிரித்தேன். ஆனாலும் ‘பிறப்பிடம்’ அருமை, கேட்டவுடன் விளங்குகிறது. ‘வதிவிடம்’ மட்டும் பொருந்தவில்லை. அந்தத் துண்டு அங்கே குடியிருப்பதில்லையே. அதற்கு ‘விரிவிடம்’.

திருத்தத்தையும் சேர்த்துச் சொல்லும் செய்திக்குத் ‘திருத்தக் குறிப்பு’ என்பதில் எவருக்கும் மறுப்பு இல்லை என்றே தெரிகிறது.

எஞ்சியிருப்பது ஒன்று. இலக்கண விதிகளைக் கொடுத்தால் பாகுபடுத்தியை ஆக்கித்தரும் பைசன் போன்ற கருவி நமக்காகச் சி நிரல் எழுதும்போது, ‘இந்த வரியை அந்தக் கோப்பின் வரியாகக் கொள்’ என்று தொகுப்பிக்கு ஒரு கட்டளை வைக்கிறது. அப்படிக் கொள்ளும் இடத்துக்குக் ‘கொள்ளிடம்’ என்று திருச்சி நண்பர் எழுதியிருந்தார். ஆற்றுப் பாசம் புரிகிறது. தேடுபொறியில் ஆறுதான் வரும். நான் ‘கருதிடம்’ என்று வைத்திருக்கிறேன், நிறைவாக இல்லை. இதைவிட நல்லது கிடைத்தால் எழுதுங்கள், பட்டியலில் அந்த ஒரு சொல்லை மட்டும் திறந்தே விடுகிறேன்.

திருகோணமலையிலிருந்து,
அன்புடன்