அம்மாவின் மூட்டு வலியும் ஸ்டெம் செல் ஊசியும்: புதுப்பிப்பு

பாம்பனில் பல்லாண்டுகள் கடற்பாசி எடுத்துத் தேய்ந்துபோன என் தாயாரின் முழங்கால்களுக்கு, மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனை பரிந்துரைத்த ஸ்டெம் செல் (பிற செல்களாக மாறவல்ல மூலச் செல்) ஊசியைப் போடலாமா என்று முன்பு கேட்டிருந்தேன். இப்போதைக்கு வேண்டாம் என்று முடிவெடுத்திருக்கிறோம்.

எலும்பு மஜ்ஜையிலிருந்து செறிவூட்டி எடுத்த செல்கள், கொழுப்பிலிருந்து பிரித்த செல்கள், தொப்புள்கொடித் திசுவின் செல்கள் ஆகிய மூன்று வகை ஊசிகளையும் சாதாரண ஸ்டீராய்டு ஊசியோடு ஒப்பிட்டு, 2023இல் நேச்சர் மெடிசின் இதழில் வெளியான அமெரிக்க ஆய்வில், ஓராண்டுக்குப் பின் வலியைக் குறைப்பதில் எதுவும் ஸ்டீராய்டை மிஞ்சவில்லை. குருத்தெலும்பு மீண்டும் வளரும் என்று அந்த மருத்துவமனையின் துண்டறிக்கையில் இருந்ததை எங்கள் எலும்பு மருத்துவரிடம் காட்டியபோது, அது நிரூபிக்கப்படவில்லை என்றார். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017ஆம் ஆண்டு வழிகாட்டுதலும், இரத்த நோய்களுக்கான எலும்பு மஜ்ஜை மாற்றுச் சிகிச்சை போன்றவை நீங்கலாக, மருத்துவப் பரிசோதனைக்கு வெளியே இத்தகைய செல்களைச் செலுத்துவதை ஏற்கவில்லை. பிறரது மஜ்ஜையிலிருந்து வளர்க்கப்பட்ட ஒரு தயாரிப்புக்கு முழங்கால் தேய்மானத்திற்கென 2022இல் அரசு அனுமதி கிடைத்தது உண்மைதான்; ஆனால் எங்களுக்குச் சொல்லப்பட்டது அதுவன்று, அம்மாவின் இடுப்பெலும்பிலிருந்தே மஜ்ஜை எடுத்துச் செலுத்தும் முறை.

இப்போது தொடைத் தசைக்கான பயிற்சியும் வலிக் களிம்பும் தொடர்கின்றன. அம்மாவுக்கோ வலியைவிடப் பாசிக்குப் போக முடியவில்லையே என்பதுதான் பெரிய மனக்குறை. பயிற்சியிலும் களிம்பிலும் பலன் இல்லையெனில், மூட்டு மாற்று அறுவைச் சிகிச்சை குறித்து அரசு மருத்துவமனையில் ஆலோசனை கேட்போம்.