பினாயில் போட்டா பூனை வைரஸ் சாகுமா, சாகாதா?

பண்பொழி அக்கா:
நேத்து சாரல்72 அண்ணாச்சி எழுதினதைப் படிச்சதுல இருந்து எனக்கு மனசு ஆறல. கேரள எல்லையில உள்ள புளியரை செக்போஸ்ட் பக்கம் எவனோ சாக்குல கட்டிப் போட்டுட்டுப் போன 5 குட்டியைத் தூக்கிட்டு வந்திருக்காவ. நல்ல காரியம், கும்பிடுதேன். நாலாம் நாள் வாந்தி, கழிச்சல், 3 குட்டி போயிட்டு. அதுக்கப்புறம் எழுதுதாவ: "தரையை பினாயில் ஊத்திக் கழுவியாச்சு, கிருமி செத்துட்டு, அடுத்த வாரம் புதுக்குட்டி கொண்டாரலாம்." கிருமி செத்ததை அண்ணாச்சி கண்ணால பார்த்தியளா?

என் வீட்டுலயும் இதே கூத்து நடந்திருக்கு. ஒரு செவலைக்குட்டி தண்ணிக் கிண்ணத்து மேல தலையைத் தொங்கப்போட்டு உக்காந்திருந்துது. மூக்கு தண்ணியில முட்டுது, நாக்கை நீட்டல. ரத்தம் பார்த்ததுல வெள்ளை அணு அதலபாதாளத்துல கெடந்துது. பேன்லூக்கோபீனியா, பூனைக்கு வர்ற வைரஸ் நோய். இதோட கிருமி, நாய்க்குக் கழிச்சல் கொண்டாற பார்வோ வைரஸுக்கு மூத்த பங்காளி. வீட்டுக்குள்ள ஒரு வருஷம் வரைக்கும் சாகாம கெடக்கும். பினாயிலுக்கெல்லாம் அது அசையாது.

சாரல்72:
40 வருஷமா எங்க தொழுவத்துல பினாயில்தான். மாட்டுக்கு ஒண்ணும் ஆகல, கோழிக்கு ஒண்ணும் ஆகல. மூணு குட்டியைப் பறிகொடுத்தவன்ட்ட வந்து வாத்தியார் வேலை பார்க்காதிய. பினாயில்ல சாகாத கிருமி எங்க தாத்தா காலத்துலயே கிடையாது.

புளியரை பொடியன்:
தாத்தா காலத்துல பூனைக்கு ஊசியும்தான் கிடையாது 😂

பண்பொழி அக்கா:
மாட்டுக்கு ஆகலன்னா பூனைக்கும் ஆகாதா? பூனையோட ஈரலுக்கு, கறுப்பு பினாயில்ல இருக்கிற பினால்ங்கிற ரசாயனத்தை முறிக்கிற தெம்பு கிடையாது. கறுப்பு பினாயில் ஊத்தின தரையில நடந்துட்டு காலை நக்கினா அதுவே விஷம். கிருமியும் சாகாது, மிச்சக் குட்டியும் பிழைக்காது.

கொரோனா கிருமிக்கு மேல கொழுப்பு உறை உண்டு, சோப்புல கரைஞ்சுது. இதுக்கு அந்த உறையே இல்ல. சானிட்டைசரும் செல்லாது. முதல்ல சோப்புத் தண்ணியில அழுக்கு போகக் கழுவணும். அப்புறம் ஒரு பங்கு திரவ பிளீச்சுக்கு 32 பங்கு தண்ணி, 10 நிமிஷம் ஊறணும், பிறகு அலசணும். பினாயிலோட பிளீச்சைக் கலந்துராதிய, புகை கிளம்பும்.

சாரல்72:
பிளீச்சு மட்டும் அமிர்தமா? எங்க வீட்டு சிமெண்டுத் தரை வெளுத்துப்போகும். பினாயில்.

ஆரியங்காவு வாசி:
ரெண்டு பேரும் தரையைப் பத்தியே பேசுதிய. சாக்குல கட்டினவனைப் பத்தி ஒரு வார்த்தை இல்லையே? உங்க பக்கத்து ஆளுங்கதான் எஸ் வளைவு ஏறி, எல்லையில உள்ள கோட்டைவாசல் தாண்டி வண்டியை நிறுத்தி எங்க கேரளக் காட்டுல பூனையை விட்டுட்டுப் போறாவ. மலை தாண்டினா வழி தெரியாதாம்!

புளியரை பொடியன்:
யாரு, நாங்களா? 2024 டிசம்பர்ல ஆஸ்பத்திரிக் கழிவை நெல்லைப் பக்கம் கொண்டாந்து கொட்டி, பசுமைத் தீர்ப்பாயம் சொன்ன பிறகு லாரியில திரும்ப அள்ளிட்டுப் போனது எந்தப் பக்கத்து ஆளு?

ஆரியங்காவு வாசி:
நானும் தமிழன்தான்வே. கொட்டினவனை என்ட்ட வந்து கேக்குத. நீ பூனைக்குப் பதில் சொல்லு.

பண்பொழி அக்கா:
கழிவுச் சண்டையை வேற எங்கயாவது வச்சிக்கிடுங்க. அண்ணாச்சி, அந்தச் சாக்கை என்ன பண்ணினிய? எரிச்சியளா? அதுலதான் கிருமி ஒட்டிட்டுக் கெடக்கும்.

சாரல்72:
சாக்கையும் பினாயில்ல முக்கிக் காயப்போட்டுட்டேன்.

பண்பொழி அக்கா:
அட ஆண்டவனே. திருவிதாங்கூர்ல கெடந்த உங்க செங்கோட்டை 1956 நவம்பர் 1-ல தமிழ்நாட்டுக்கு வந்தாச்சு. உங்க பினாயில் மட்டும் இன்னும் திருவிதாங்கூர்லயே நிக்கி.

சாரல்72:
எங்க ஊரை இழுக்காதிய. போன வருஷம் நான் பலாக்கொட்டை அவியல் போட்டப்பவும் நீங்கதான் முதல்ல வந்து குறை சொன்னிய. மறக்கல. இன்னொண்ணு, செத்த மூணுல ஒரு குட்டிக்கு வந்த அன்னைக்கே தடுப்பூசி போட்டேன். அதுவும் செத்துட்டு. ஊசியே ஏமாத்து.

பண்பொழி அக்கா:
அவியல்ல பலாக்கொட்டை வேகவே இல்ல, இப்பவும் சொல்லுதேன்.

சாக்குல வரும்போதே கிருமி உள்ள இருந்திருக்கும். ஊசி போட்ட மறுநிமிஷம் காவல் வந்துராது. அதுலயும் சின்னக் குட்டிக்குத் தாய்ப்பால்ல வந்த எதிர்ப்புசக்தி ஊசியோட வேலையை மறிக்கும். அதனாலதான் 6, 8 வாரத்துல தொடங்கி, 3, 4 வாரத்துக்கு ஒருக்கா, 16 வாரம் தாண்டுற வரைக்கும் திரும்பத் திரும்பப் போடச் சொல்லுதாவ. ஒரே ஊசியில மூணு நோய்க்குக் காவல்: இது, அப்புறம் பூனைக்குச் சளி கொண்டாற ஹெர்பிஸ், காலிசி. சினைப்பூனைக்கு மட்டும் உயிர்க்கிருமி ஊசி (உயிருள்ள கிருமியை வலுக்குறைச்சுச் செஞ்சது) போடக் கூடாது, வயித்துக்குட்டிக்குச் சிறுமூளை சரியா வளராமப் போகலாம். புதுக்குட்டி வேணும்னா ஊசியெல்லாம் முடிஞ்ச பெரிய பூனையாப் பார்த்து எடுங்க. சின்னதைக் கொண்டுபோய் அந்த வீட்டுல விடுறது...

சாரல்72:
இவ்வளவு நீளமா எழுதினா யாரு படிப்பா? பினாயில் கிருமிநாசினியா இல்லையா, அதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க.

பண்பொழி அக்கா:
இந்தக் கிருமிக்கு இல்ல.

சாரல்72:
டப்பாவுல கிருமிநாசினின்னு போட்டிருக்கே?

புளியரை பொடியன்:
அண்ணாச்சி, மிச்சம் ரெண்டு குட்டி எப்படி இருக்கு?

சாரல்72:
பால் குடிக்குது. ஒண்ணு கொஞ்சம் சோர்வா இருக்கு. இவங்க கண்ணுதான் பட்டுட்டு.

பண்பொழி அக்கா:
சோர்வா இருக்குன்னா இப்பவே தூக்கிட்டு டாக்டர்ட்ட ஓடுங்க, இங்க என்ன டைப் அடிச்சிட்டு இருக்கிய! வந்து பிளீச் போடுங்க. 1-க்கு 32.

சாரல்72:
32 எந்த டம்ளர்ல? காப்பி டம்ளரா, எவர்சில்வர் செம்பா?

பண்பொழி அக்கா:
பிளீச்சை எதுல மோந்தியளோ அதே டம்ளர்ல 32 தடவை தண்ணி!

சாரல்72:
அப்போ பினாயிலையும் அதே மாதிரி ஊத்திப் பார்த்திருக்கியளா?