மக்கள் மனம் மாறும்வரை காத்திருப்பதா, தெருவை முதலில் மாற்றிவிடுவதா?

தெருவோரம் கேட்டது:

நகரத் திட்டப் பிரிவில் இளநிலைப் பொறியாளராக இருக்கிறேன். ஒரு கடைத்தெருவை வண்டி இல்லாத தெருவாக்கும் திட்டம் எங்களிடம் கோப்பில் கிடக்கிறது. வரைபடம் தயார், மாற்றுப் பாதையும் தயார். கலந்தாய்வுக் கூட்டத்தில் கடைக்காரர்கள், "வண்டி வராத தெருவுக்கு வாடிக்கையாளர் எப்படி வருவார்?" என்று கேட்டார்கள். மேலதிகாரி உடனே, "முதலில் மக்கள் மனநிலை மாறட்டும், விழிப்புணர்வு நடத்துவோம், அப்புறம் பார்க்கலாம்" என்று கோப்பை மூடிவிட்டார்.

பெரிய மாற்றமெல்லாம் முதலில் தலைக்குள் நடந்து, பிறகுதான் தெருவுக்கு வரும் என்று பயிலரங்குகளில் சொல்கிறார்கள். ஒரு பனிப்பாறைப் படம் போடுவார்கள், அதன் அடியில் 'மனப்பாங்கு' என்று எழுதியிருக்கும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் துண்டறிக்கை கொடுத்து மனம் மாறி, அதன் பிறகு தெரு மாறிய ஊர் எதுவும் உண்டா? தெரிந்தவர்கள் ஊர், ஆண்டோடு சொல்லுங்கள். பொதுவான அறிவுரை ஏற்கெனவே வேண்டிய அளவு கிடைத்துவிட்டது.

பழைய சிக்னல் எழுதியது:

போக்குவரத்துத் துறையிலிருந்து ஓய்வு பெற்றவன் நான். உங்கள் மேலதிகாரி சொன்ன அதே வாக்கியத்தை எத்தனையோ கூட்டங்களில் கேட்டிருக்கிறேன். திட்டத்தை மறுக்காமலே நிறுத்திவைக்க அதைவிட வசதியான வாக்கியம் கிடையாது.

ஸ்வீடனின் தலைநகர் ஸ்டாக்ஹோமை எடுத்துக்கொள்ளுங்கள். நகரின் மையத்துக்குள் வரும் வண்டிகளுக்கு நெரிசல் கட்டணம் என்று அறிவித்தபோது பெரும்பான்மையோர் எதிர்த்தார்கள். தொடங்கும் நாள் நெருங்க நெருங்க எதிர்ப்பு ஏறியதே தவிர இறங்கவில்லை. இருந்தாலும் 2006 ஜனவரியில் சோதனையாகத் தொடங்கினார்கள், ஜூலை இறுதியில் முடியும் என்று முன்கூட்டியே சொல்லி. கட்டணப் பகுதியின் எல்லையைக் கடக்கும் வண்டிகள் ஏறக்குறைய 20 சதவீதம் குறைந்தன. அந்த அளவு குறைந்தாலே வரிசை கரைந்துவிடும் என்பது சிக்னலில் நின்று பார்த்தவனுக்குத் தெரியும். ஆகஸ்டில் கட்டணம் நின்றது, நெரிசலும் திரும்பி வந்தது. செப்டம்பரில் வாக்கெடுப்பு வைத்தார்கள். நகரத்துக்குள் பாதிக்குச் சற்று மேல் ஆதரவு. (தனியாக வாக்கெடுப்பு நடத்திய சுற்றுப்புற நகராட்சிகளில் பெரும்பாலானவை எதிர்த்தன, அதையும் சொல்லிவிட வேண்டும்.) 2007 ஆகஸ்டில் கட்டணம் நிரந்தரமானது, ஆதரவு அதன் பிறகும் ஏறிக்கொண்டே போனது.

எனக்குப் பிடித்தது இதற்கடுத்த பகுதி. யோனாஸ் எலியாசன் என்ற போக்குவரத்து ஆய்வாளர் இதைத் தொடர்ந்து கவனித்தவர். கருத்தை மாற்றிக்கொண்டவர்களில் பெரும்பாலோருக்குத் தாம் மாறியதே தெரியவில்லை என்கிறார் அவர். முதலிலிருந்தே இதே கருத்துதான் என்று நம்பினார்களாம்! ஆக, விழிப்புணர்வு முகாம் நடத்தி இந்த மாற்றத்தைப் பிடிக்க முடியாது. அதை அனுபவித்தவரே கவனிக்காத மாற்றம் அது.

கடைத்தெருவுக்கே வருகிறேன். டென்மார்க்கின் தலைநகர் கோபன்ஹேகனில் ஸ்ட்ரோகெட் என்ற கடைத்தெருவை 1962 நவம்பரில் சோதனையாக வண்டிகளுக்கு மூடினார்கள். நாம் இத்தாலியர்கள் அல்ல, இந்தக் குளிரில் யார் தெருவில் வந்து நிற்பார்கள் என்ற பேச்சு அங்கே பலமாக இருந்தது. 1964-இல் அதை நிரந்தரமாக்கிவிட்டார்கள். பிரேசிலின் குரிட்டிபாவில் மேயர் ஜெய்மே லெர்னர் 1972 மே மாதம் ஒரு வெள்ளிக்கிழமை மாலை ஆட்களை இறக்கி, 72 மணி நேரத்துக்குள் முக்கியக் கடைத்தெருவை நடப்பவர்களுக்கான தெருவாக்கினார். கடைக்காரர்கள் நீதிமன்றம் போய்த் தடை வாங்குவதற்குள் வேலை முடிய வேண்டும் என்பதுதான் அவசரம். கொஞ்ச நாளில் அதே கடைக்காரர்கள் இன்னும் சில தெருக்களையும் இப்படி மாற்றச் சொன்னார்கள். லெர்னரை நியமித்தது ராணுவ ஆட்சி, அதனால் அவருக்கு அந்தத் துணிச்சல் எளிது. உங்களுக்கு நான் சொல்வது ஸ்டாக்ஹோம் வழி.

குறுக்கே நடப்பவன் எழுதியது:

ஐயா சொன்னதில் பாதிதான் எனக்கு உடன்பாடு. தெருவை மாற்றினால் மனம் தானாக மாறும் என்றால், இன்றைய வண்டித் தெரு எப்படி வந்தது? அது இயற்கையாக முளைக்கவில்லை.

1923-இல் அமெரிக்காவின் சின்சினாட்டியில் 42,000 பேர் ஒரு மனுவில் கையெழுத்துப் போட்டார்கள். நகருக்குள் ஓடும் எந்தக் காரும் மணிக்கு 25 மைலுக்கு மேல் போக முடியாதபடி அதிலேயே ஒரு கருவி பொருத்த வேண்டும் என்பது கோரிக்கை. அப்போது தெரு எல்லோருக்கும் பொது, கார்தான் புதிதாக நுழைந்த தொல்லை. கார் வியாபாரிகள் பணத்தைக் கொட்டிப் பிரசாரம் செய்து, வாக்கெடுப்பில் அதைத் தோற்கடித்தார்கள். அதோடு விடவில்லை. கார்த் துறையே திரண்டு வேலை செய்தது. 1925-இல் லாஸ் ஏஞ்சல்ஸ் கொண்டுவந்த விதிகள் நடப்பவர்களைக் குறிப்பிட்ட இடத்தில் மட்டும் கடக்கச் சொல்லின. அது மற்ற நகரங்களுக்கும் மாதிரியானது. அடிபட்டால் குற்றம் நடந்தவன்மேல் என்றாகிவிட்டது. தலைக்குள் மாற்றினார்கள், தெருவும் கூடவே போனது.

நெதர்லாந்தில் இது தலைகீழாக நடந்தது. 1971-இல் அங்கே சாலையில் இறந்தவர்கள் 3,000-க்கும் மேல், அதில் 400-க்கும் மேற்பட்டோர் குழந்தைகள். அடுத்த ஆண்டே 'குழந்தைக் கொலையை நிறுத்து' என்ற இயக்கம் கிளம்பியது. பெற்றோர்கள் தெருக்களை மறித்தார்கள். 1973-இல் எண்ணெய் நெருக்கடி வந்து, கார் ஓடாத ஞாயிற்றுக்கிழமைகளை அரசே அறிவித்தது. இன்று எல்லோரும் படமெடுக்கும் சைக்கிள் பாதைகளுக்குப் பின்னால் இந்தக் கோபம் இருக்கிறது.

அங்கே மாறியது 'சைக்கிள் நல்லது' என்ற எண்ணம் அல்ல. அது முன்பே எல்லோருக்கும் தெரியும். விபத்தைத் தலைவிதி என்று எடுத்துக்கொள்வதை நிறுத்தினார்கள். இந்தத் தெருவை இப்படி வரைந்தது யார் என்று கேட்கத் தொடங்கினார்கள். 1997-இல் ஸ்வீடன் நாடாளுமன்றம் சாலை மரணம் சுழியமாக வேண்டும் என்று தீர்மானித்ததும் இதே திசைதான், மனிதன் தவறு செய்வான், அந்தத் தவறு உயிரை வாங்காதபடி சாலையைக் கட்டுவது அரசின் பொறுப்பு என்று. உங்கள் துண்டறிக்கை "நடப்போம், நலம் பெறுவோம்" ரகம் என்றால் அதைக் குப்பையில் போடுங்கள். அந்தத் தெருவில் யார் யார் எங்கே அடிபட்டார்கள் என்ற கணக்கை எடுத்துக் கூட்டத்தில் வையுங்கள்.

சாய்தளம் எழுதியது:

சக்கர நாற்காலியில் இருப்பவள் நான். யாருடைய மனம் முதலில் மாற வேண்டும் என்பதை நீங்கள் யாருமே பேசவில்லை.

போலியோவால் கைகால் செயலிழந்த எட் ராபர்ட்ஸ் 1962-இல் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் சேர்ந்தபோது அவரைத் தங்க வைக்க விடுதி இல்லை, வளாக மருத்துவமனையில் ஓர் அறை கொடுத்தார்கள். அவரும் அவருக்குப் பின்னால் வந்தவர்களும் முதலில் தங்கள் தலைக்குள்தான் ஒன்றைத் திருப்பிப் போட்டார்கள்: குறை என் காலில் இல்லை, அந்தப் படியில் இருக்கிறது. 1970-களின் தொடக்கத்தில் அந்த ஊரில் நடைபாதை ஓரங்கள் சரிவாக்கப்பட்டன. 1977-இல் சான் பிரான்சிஸ்கோவில் ஓர் அரசுக் கட்டடத்துக்குள் மாற்றுத்திறனாளிகள் ஏறத்தாழ நான்கு வாரம் உட்கார்ந்துவிட்டார்கள், பாகுபாட்டைத் தடுக்கும் சட்டப் பிரிவுக்கு அரசு விதிகளை வெளியிடும்வரை. பொதுமக்கள் மனம் மாறட்டும் என்று அவர்கள் காத்திருக்கவில்லை. இன்று அந்தச் சரிவில் குழந்தை வண்டி தள்ளுகிறவர்களுக்கு இந்தக் கதை தெரிந்திருக்க வேண்டிய அவசியமும் இல்லை.

அப்புறம் ஒரு வேண்டுகோள். வண்டி நுழையாமல் இருக்கத் தெரு முனையில் நடும் தூண்களுக்கு நடுவே என் நாற்காலி போக இடம் விடுங்கள். அழகுக்கு என்று கரடுமுரடான கல்லைப் பதிக்காதீர்கள், முதுகு போய்விடும்.

வரலாற்று வாத்தியார் எழுதியது:

சரியான சிந்தனைதான் நல்ல நகரத்தைத் தரும் என்றும் இல்லை. 1858 கோடையில் தேம்ஸ் நதியின் நாற்றம் தாங்காமல் லண்டன் நாடாளுமன்றம் அவசரமாகப் பாதாளச் சாக்கடைக்குச் சட்டம் போட்டது. காலரா கெட்ட காற்றால் பரவுகிறது என்றுதான் அப்போது பெரும்பாலோர் நம்பினார்கள், நாற்றத்தை அகற்றத்தான் கட்டினார்கள். குடிநீரில் கழிவு கலப்பது நின்றது, காலரா போனது. 1866-இல் அது கடைசியாகத் தாக்கியது புதிய சாக்கடை வேலை முடியாத கிழக்குப் பகுதியை. நீரால் பரவுகிறது என்று சொன்ன ஜான் ஸ்னோ 1858 ஜூனிலேயே இறந்துவிட்டார்.

தெருவோரம் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. விபத்துக் கணக்கை எடுக்கச் சொல்லிவிட்டேன். தூண்களின் இடைவெளியை வரைபடத்தில் பார்த்தேன், சக்கர நாற்காலி போகாது, திருத்துகிறோம். பழைய சிக்னல் ஐயா, சோதனை என்று போனால் எவ்வளவு காலம் கேட்பது? கடைக்காரர்களிடம் எதைக் காட்டுவது?

பழைய சிக்னல் எழுதியது:

இரண்டு வாரம் என்றால் ஒத்துக்கொள்ளாதீர்கள். முதல் சில வாரம் குழப்பம் மட்டும்தான் இருக்கும், அதை வைத்தே ஊற்றி மூடிவிடுவார்கள். ஆறு மாதமாவது கேளுங்கள். சரக்கு வண்டிக்குக் காலையில் நேரம் ஒதுக்குங்கள், கடைக்காரர்களின் உண்மையான கவலை பாதி அதுதான்.

தெருவை மூடுவதற்கு முன்பே எண்ணத் தொடங்குங்கள். வண்டிகளை அல்ல, கடைக்குள் நுழையும் ஆட்களை. எண்ணும் இடத்தில் கடைக்காரர் சங்கத்து ஆள் ஒருவரையும் நிறுத்துங்கள், இல்லாவிட்டால் உங்கள் எண்ணை யாரும் நம்ப மாட்டார்கள். கோப்பின் தலைப்பில் 'திட்டம்' என்பதை அடித்துவிட்டு 'சோதனை' என்று எழுதி, முடியும் தேதியையும் போட்டு மேலே அனுப்புங்கள்.