டெபியனில் தமிழ் எழுத்துகள் பிரிந்து நிற்கின்றன, கொம்பு எழுத்துக்குப் பின்னால் வருகிறது: உதவி தேவை

கேள்வி: தங்கச்சிமடம்

எல்லோருக்கும் வணக்கம். தங்கச்சிமடத்தில் சின்னதாக ஒரு டைப்பிங், பிரிண்ட் கடை வைத்திருக்கிறேன். கடையில் இருப்பது ஒரே கணினி. டெபியன் 12 லினக்ஸ், எக்ஸ்எஃப்சிஈ டெஸ்க்டாப். இதுவரை தமிழில் ஒரு தொந்தரவும் கொடுத்ததில்லை.

நேற்று ஒரு அச்சகத்திலிருந்து திருவிழா நோட்டீஸ் வேலை வந்தது. அவர்களுடைய எழுத்துருக்களை பென் டிரைவில் கொடுத்தார்கள். அதற்குள் ஒரு இன்ஸ்டால் ஸ்கிரிப்டும் இருந்தது. அதை ஓட்டினேன். வெளியேறி மறுபடி உள்ளே வந்தால் மெனு, ஃபயர்ஃபாக்ஸ், கோப்புப் பெயர்கள் என்று எல்லா இடத்திலும் தமிழ் கலைந்து கிடக்கிறது.

'கொண்டல்' என்று தட்டினால் க முதலில் நிற்கிறது, கொம்பும் காலும் இரண்டுமே அதற்குப் பின்னால் போய் ஒட்டிக்கொள்கின்றன. 'கு' என்றால் க தனி, உகரச் சுழி தனி. காலையில் ஒரு படகுக்காரர் காற்று எச்சரிக்கையைப் பார்க்க வந்தார். 'தென்மேற்கு' என்ற சொல்லையே அவரால் படிக்க முடியவில்லை, நான்தான் வாசித்துச் சொன்னேன். ஆங்கிலம் மட்டும் அப்படியே நன்றாக இருக்கிறது.

அவசரம் ஏனென்றால், ஜூன் 14உடன் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் முடிகிறது. விசைப்படகுகள் போய்த் திரும்பியதும் கமிஷன் கடைக்கு ஏலச் சீட்டு அடித்துக் கொடுக்க வேண்டும். கொடுவா, கெளுத்தி, நெத்திலி என்று சீட்டில் பாதி மீனுக்கு முதலெழுத்திலேயே கொம்பு இருக்கிறது. இந்த நிலையில் அச்சடித்துக் கொடுக்க முடியாது.

பதில்: ராமேசுவரம்

தமிழ் எழுத்துரு இல்லாமல் இருக்கலாம் தம்பி. நோட்டோ எழுத்துருத் தொகுப்பை நிறுவுங்கள். பிறகு டெர்மினலில், எழுத்துருப் பட்டியலைப் புதுப்பிக்கும் எஃப்சி-கேஷ் கட்டளையை 'எஃப்' சேர்த்து ஓட்டி, கணினியை ஒருமுறை அணைத்துப் போடுங்கள். எனக்கு இதில் சரியானது.

தங்கச்சிமடம்

செய்துவிட்டேன் அண்ணே. நோட்டோ சான்ஸ் தமிழ் இப்போது பட்டியலில் வருகிறது. ஆனால் திரையில் ஒரு மாற்றமும் இல்லை.

பதில்: தொண்டி

எழுத்துகளைச் சேர்த்துக் காட்டும் நூலகம் கெட்டுப்போயிருக்கும். டெபியனையே புதிதாகப் போட்டுவிடுவது நல்லது. ஒரு மணி நேர வேலைதான்.

பதில்: தேவிபட்டினம்

தம்பி, எதையும் அழித்துப் போட வேண்டாம். தொண்டித் தம்பி சொன்னது நல்ல மனதோடுதான், ஆனால் கெட்டது அந்த நூலகம் இல்லை. டிடிபி வேலையில் பல வருடம் இருந்தவள் நான். இந்தக் கலைதலை நிறையப் பார்த்திருக்கிறேன்.

தமிழ் தப்பாகத் தெரிவதில் மூன்று வகை உண்டு. மூன்றுக்கும் காரணம் வேறு, மருந்தும் வேறு.

எழுத்து இருக்க வேண்டிய இடத்தில் கட்டம் வந்து, அந்தக் கட்டத்துக்குள் குட்டி எண்கள் தெரிந்தால், தமிழ் எழுத்துருவே இல்லை என்று பொருள். 'க'வுக்கு யூனிகோடு எண் 0பி95. கட்டத்துக்குள் அதுதான் தெரியும். ராமேசுவரத்து அண்ணன் சொன்ன மருந்து இதற்கு.

ஆங்கில எழுத்துகளோ, மேலே புள்ளியும் கோடும் போட்ட ஐரோப்பிய எழுத்துகளோ குறியீடுகளோடு கலந்து ஒரே குழப்பமாக வந்தால், அது பழைய குறியீட்டில் தட்டிய உரை. பாமினி, டிஸ்கி காலத்துக் கோப்புகள் அப்படித்தான் வரும். அங்கே எழுத்துருவை மாற்றிப் பயனில்லை, உரையை யூனிகோடுக்கு மாற்ற வேண்டும்.

உங்களுடையது மூன்றாவது வகை. எழுத்துகள் எல்லாம் வந்துவிட்டன, ஆனால் சேரவில்லை. அதற்குக் காரணம், கணினி தவறான எழுத்துருவைத் தேர்ந்தெடுத்திருக்கிறது.

லினக்ஸ் டெஸ்க்டாப்பில் எந்த உரைக்கு எந்த எழுத்துரு என்று முடிவு செய்வது ஃபாண்ட்கான்ஃபிக். ஒரு எழுத்துரு தமிழுக்கு ஆகுமா என்று அது பார்க்கும்போது, தமிழுக்கு வேண்டிய எழுத்துகள் அதில் இருக்கின்றனவா என்று மட்டும்தான் பார்க்கிறது. அவை சேர்ந்து நிற்குமா என்று பார்ப்பதில்லை. சேர்க்கிற வேலை ஹார்ஃப்பஸ் என்ற வேறொரு நூலகத்துடையது. கொம்பை எழுத்துக்கு முன்னால் கொண்டுபோய் வைப்பது, 'கு'வை ஒரே வடிவமாக்குவது எல்லாம் அதன் பொறுப்பு. ஆனால் எழுத்துருவுக்குள் தமிழுக்கான விதி அட்டவணை இருந்தால்தான் ஹார்ஃப்பஸ் தமிழ் முறையில் முழுமையாக வேலை செய்யும். தமிழுக்கென்று இல்லாமல் பொது அட்டவணை மட்டும் இருந்தால், தட்டிய வரிசையிலேயே எழுத்துகளை அடுக்கிவிட்டுப் போய்விடும். நீங்கள் பார்த்த 'கொண்டல்' அதுதான்.

இரண்டு சோதனை செய்து சொல்லுங்கள்.

முதலாவது, எஃப்சி-மேட்ச் என்று தட்டி, ஒரு இடைவெளி விட்டு, சான்ஸ், முக்காற்புள்ளி, லேங், சமக்குறி, டிஏ. நடுவில் வேறு இடைவெளி வேண்டாம். தமிழுக்கு எந்த எழுத்துரு முதலில் வருகிறது என்று ஒரே வரியில் சொல்லும்.

இரண்டாவது, அந்த எழுத்துருக் கோப்பின் மேல் எஃப்சி-குவெரி ஓட்டுங்கள். நீளமாகக் கொட்டும். அதில் கேப்பபிலிட்டி என்ற வரியை மட்டும் தேடுங்கள், எந்த விதி அட்டவணைகள் உள்ளே இருக்கின்றன என்று அது சொல்லும்.

தங்கச்சிமடம்

அக்கா, முதல் சோதனையில் அச்சகத்தார் கொடுத்த எழுத்துருவின் பெயர்தான் வருகிறது. நோட்டோ வரவில்லை.

இரண்டாவது சோதனையில் கேப்பபிலிட்டி வரியில் 'டிஎஃப்எல்டி' என்று மட்டும்தான் இருக்கிறது. மூன்று தடவை மேலும் கீழும் பார்த்துவிட்டேன். நோட்டோவின் கோப்பில் ஓட்டிப் பார்த்தால் அதே வரியில் 'டாம்ல்', 'டிஎம்எல்2' என்றும் இருக்கிறது.

தேவிபட்டினம்

அப்படியென்றால் பிடித்துவிட்டோம். 'டிஎஃப்எல்டி' பொது அட்டவணை. நோட்டோவில் வந்த 'டாம்ல்', 'டிஎம்எல்2' இரண்டும் தமிழ் விதி அட்டவணையின் பெயர்கள். 'டாம்ல்' பழைய முறை, 'டிஎம்எல்2' புதிய முறை. இரண்டில் ஒன்றாவது இல்லாத எழுத்துருவை யூனிகோடு தமிழுக்குப் பயன்படுத்த முடியாது.

ஆனால் ஒரு எழுத்துருவைச் சும்மா நிறுவினால் அது நோட்டோவைத் தாண்டி முதலில் வந்து நிற்காது. யாரோ அதை முன்னால் தள்ளியிருக்கிறார்கள். அந்த ஸ்கிரிப்ட்தான் என்று நினைக்கிறேன். உங்கள் ஹோம் கோப்புறையில், புள்ளியில் தொடங்கும் கான்ஃபிக் என்ற மறைந்த கோப்புறைக்குள் ஃபாண்ட்கான்ஃபிக் என்று ஒன்று இருக்கிறதா? அதில் ஃபாண்ட்ஸ்.கான்ஃப் கோப்பைத் திறந்து, என்ன எழுதியிருக்கிறது என்று சொல்லுங்கள்.

தங்கச்சிமடம்

இருக்கிறது அக்கா. நேற்றைய தேதி. அலயஸ் என்ற பகுதிக்குள் சான்ஸ்-செரிஃப் என்று ஒரு வரி. அதன் கீழே ப்ரிஃபர் என்பதற்குள் அச்சகத்து எழுத்துருவின் பெயர். அவ்வளவுதான். இந்தக் கோப்பை நான் எழுதவே இல்லை.

தேவிபட்டினம்

அதுதான். சான்ஸ்-செரிஃப் யார் கேட்டாலும் முதலில் இதைக் கொடு என்று அந்த வரி சொல்கிறது. ஃபாண்ட்கான்ஃபிக் தன் விதிகளை எண் வரிசையில் படிக்கும். உங்கள் சொந்தக் கோப்பை 50 என்ற எண்ணில் படிக்கும், மற்ற மொழி எழுத்துருக்களின் பட்டியலை 65இல் படிக்கும். நீங்கள் முந்திக்கொண்டதால் உங்கள் விதிதான் நிற்கும். எத்தனை நோட்டோ நிறுவினாலும் பின்னால்தான் போய் உட்காரும். அச்சகத்து எழுத்துருவில் ஆங்கில எழுத்துகள் இருக்காது, அதனால்தான் ஆங்கிலம் தப்பித்தது.

இப்போது அந்த ப்ரிஃபர் பகுதியில் அச்சகத்துப் பெயரை எடுத்துவிட்டு 'நோட்டோ சான்ஸ் தமிழ்' என்று போடுங்கள். கோப்பைச் சேமித்துவிட்டு எஃப்சி-மேட்ச் மறுபடி ஓட்டுங்கள். எழுத்துருவை அழிக்க வேண்டாம், நோட்டீஸ் வேலைக்கு வேண்டுமே.

தங்கச்சிமடம்

மாற்றினேன். ஃபயர்ஃபாக்ஸை மூடித் திறந்தேன். கொம்பு முன்னால் வந்துவிட்டது அக்கா! 'தென்மேற்கு' சரியாக இருக்கிறது.

ஆனால் ஒன்று புரியவில்லை. எஃப்சி-மேட்ச் ஓட்டினால் நோட்டோ வரவில்லை, 'லோஹித் தமிழ்' வருகிறது. அதற்கு மேலே ஒரு எச்சரிக்கையும் வருகிறது, 9ஆம் வரியில் குறி பொருந்தவில்லை என்று. திரையில் சரியாகத்தானே இருக்கிறது, விட்டுவிடலாமா?

தேவிபட்டினம்

விட வேண்டாம் தம்பி. நீங்கள் மாற்றும்போது ஒரு மூடும் குறி அழிந்திருக்கிறது. கோப்பு பிழையாக இருப்பதால் ஃபாண்ட்கான்ஃபிக் அதை ஏற்கவில்லை. பழைய தப்பான விதி போய்விட்டது, புதிய விதியும் வரவில்லை. லோஹித்திலும் தமிழ் அட்டவணை இருப்பதால் திரை நன்றாகத் தெரிகிறது. நாளைக்கு இதே கோப்பில் வேறு எதையாவது எழுதினாலும் வேலை செய்யாது, ஏன் என்று தேடிக்கொண்டிருப்பீர்கள். 9ஆம் வரிக்கு மேலே ஃபேமிலி என்ற குறி மூடியிருக்கிறதா பாருங்கள். மூடும் குறியில் சாய்கோடு வேண்டும்.

தங்கச்சிமடம்

சாய்கோடுதான் விட்டுப்போயிருக்கிறது. போட்டதும் எச்சரிக்கை போய்விட்டது, நோட்டோவும் வந்துவிட்டது.

இன்னும் ஒரே ஒரு சிக்கல். லிப்ரே ஆஃபிஸ் ரைட்டரில் ஏலச் சீட்டைத் திறந்தால் அங்கே மட்டும் இன்னும் பழையபடிதான். முழுவதையும் தேர்ந்தெடுத்து மேலே பட்டையில் நோட்டோவைக் கொடுத்தும் பார்த்தேன். கெளுத்தியின் கொம்பு பின்னாலேயே நிற்கிறது.

பதில்: கீழக்கரை

இது எனக்கும் நடந்தது தம்பி, அதனால் சொல்கிறேன். ரைட்டரில் எழுத்துரு ஒன்று இல்லை. ஆங்கிலம் போன்ற எழுத்துகளுக்கு ஒன்று, தமிழ், அரபி போன்ற சிக்கலான எழுத்தமைப்புக்கு இன்னொன்று என்று தனித்தனியாக வைத்திருக்கும். எங்கள் கடையில் தமிழும் அரபியும் சேர்ந்து கல்யாணப் பத்திரிகை அடிக்கும்போது இது நன்றாகத் தெரிந்துவிடும்.

கருவிகள், விருப்பங்கள், மொழி அமைப்பு என்று போய் சிக்கலான எழுத்தமைப்பு என்ற பெட்டியில் குறி போடுங்கள். பிறகு ஸ்டைல்ஸ் பகுதியில் இயல்பு பத்தியின் ஸ்டைலைத் திறந்து, ஃபாண்ட் தாளில் அந்த இரண்டாவது இடத்தில் நோட்டோவைக் கொடுங்கள். ஸ்டைலில் மாற்றினால் சீட்டு முழுக்க மாறும். நேற்று இந்தச் சீட்டில் அச்சகத்து எழுத்துருவைக் கையால் கொடுத்திருந்தால், எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து நேரடி வடிவமைப்பை ஒருமுறை நீக்கிவிடுங்கள்.

அப்படியே எனக்கு ஒரு சந்தேகம், தேவிபட்டினம் அக்காவிடம். நான் ஒரு எழுத்துருவை சூடோ போட்டு, அதாவது நிர்வாகி அனுமதியில், எல்லோருக்கும் பொதுவான இடத்தில் வைத்தேன். எழுத்துருக்களைப் பட்டியலிடும் எஃப்சி-லிஸ்டில் வரவே இல்லை. சூடோ போட்டு லிஸ்ட் எடுத்தால் மட்டும் வருகிறது.

தேவிபட்டினம்

அனுமதிச் சிக்கல் அது. ரூட் என்ற நிர்வாகிக்கு மட்டும் படிக்க அனுமதி இருக்கிறது, மற்றவர்களுக்கு இல்லை. அனுமதி எண்ணாக எழுத்துருக் கோப்புக்கு 644 (எல்லோரும் படிக்கலாம்), அது இருக்கும் கோப்புறைக்கு 755 (எல்லோரும் உள்ளே போகலாம்) என்று கொடுங்கள். கோப்புறையை மறந்துவிட வேண்டாம், பெரும்பாலும் அங்கேதான் மாட்டியிருக்கும். பிறகு எஃப்சி-கேஷ்.

தொண்டி

அக்கா, புதிதாகப் போடச் சொன்னது தவறுதான், மன்னிக்கவும். இன்று நான் கற்றுக்கொண்டேன். ஒன்று கேட்கலாமா? எங்கள் ஊரில் பெரியவர் ஒருவர் யானைத் துதிக்கை மாதிரி வளையும் பழைய 'லை'யிலேயே தன் கையெழுத்துப் பிரதி அச்சில் வர வேண்டும் என்கிறார். அதற்குப் பழைய குறியீட்டு எழுத்துருவுக்குத்தான் போக வேண்டுமா?

தேவிபட்டினம்

வேண்டாம் தம்பி. 'லோஹித் தமிழ் கிளாசிக்கல்' என்று தனி எழுத்துரு டெபியனிலேயே கிடைக்கிறது. 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய வடிவங்களை அது காட்டும். உள்ளே இருப்பது சாதாரண யூனிகோடுதான், தட்டுவது எப்போதும் போலத்தான். பெரியவர் ஆசைப்பட்டபடி அடித்துக் கொடுங்கள், அந்த வளைவை ரசித்துப் படிக்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

தங்கச்சிமடம்

கீழக்கரை அண்ணே, சீட்டு சரியாகிவிட்டது. நீங்கள் சொன்னபடி நேரடி வடிவமைப்பை நீக்கியதும்தான் மாறியது. கொடுவா, கெளுத்தி, நெத்திலி மூன்றையும் பெரிதாக அடித்து ஒரு தாள் எடுத்துப் பார்த்தேன். ஒவ்வொன்றிலும் கொம்பு முன்னால் நிற்கிறது. கமிஷன் கடைக்காரர் பார்த்துவிட்டு நூறு சீட்டுப் புத்தகம் போடச் சொல்லிவிட்டார்.

கடைசியாக ஒரு கேள்வி. அச்சகத்து நோட்டீஸை அந்தப் பழைய எழுத்துருவில் எப்படி முடிப்பது?

தேவிபட்டினம்

அந்த எழுத்துருவில் புதிதாகத் தட்ட வேண்டாம், கொம்பு மறுபடி பின்னால் போகும். அட்டவணை உள்ள எழுத்துரு ஒன்றில் யூனிகோடாகத் தட்டி பிடிஎஃப்பாக மாற்றி அனுப்புங்கள். பிடிஎஃப்புக்குள் எழுத்துரு சேர்ந்தே போய்விடும், அவர்களிடம் என்ன இருந்தாலும் இல்லாவிட்டாலும் அச்சு சரியாக வரும். வடிவம் கொஞ்சம் வேறாக இருக்கும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

தங்கச்சிமடம்

சரி அக்கா, சொல்லிவிடுகிறேன். பென் டிரைவைத் திருப்பிக் கொடுக்கும்போது அந்த ஸ்கிரிப்டில் இருக்கும் ப்ரிஃபர் வரியையும் அவர்களிடம் காட்டுகிறேன், அடுத்த கடையில் இது நடக்க வேண்டாம்.