மதியமானால் பாயிண்ட் ஒட்டமாட்டேங்குது: புக்கிட் மெர்தாஜாம் சந்திப்பு மாதிரி

பிறைக்கரை:
வணக்கம். மலாயாவின் புக்கிட் மெர்தாஜாம் ரயில் சந்திப்புக்கு வேலை செய்யும் மாதிரி கட்டுகிறோம். காலம் 1918, எல்லை ஊரான பாடாங் பெசார் வழியாகச் சயாம் பாதையோடு இணைந்த சமயம். அளவு 1:60, தண்டவாளம் 16.5 மி.மீ. லீவர்கள் இருக்கும் கேபினிலிருந்து கடைசிப் பாயிண்டுக்கு (ரயிலைத் தடம் மாற்றிவிடும் இடம்) தள்ளி இழுக்கும் 3.3 மீட்டர் எஃகுக் கம்பி, ஒரே நீட்டு. மேலே தகரக் கூரை. காலையில் கச்சிதம். மதியம் பாயிண்டின் நாக்கு (நகரும் தண்டவாள முனை) பக்கத்துத் தண்டவாளத்தோடு ஒட்டாமல் மயிரிழை இடைவெளி விடுகிறது, ஆனால் கைகாட்டி மட்டும் 'போகலாம்' என்று ஜம்மென்று இறங்கிவிடுகிறது. லீவரை மாற்றணுமா? லீவர்களுக்கு என்ன நிறம்?

செந்தூல்காரன்:
லீவரைத் தொடாதீங்க தம்பி, கம்பிதான் நீளுது. 15 டிகிரி ஏறினால் 3.3 மீட்டர் எஃகு அரை மி.மீ.க்குக் கொஞ்சம் மேலே நீளும். உங்க நாக்கு நகர்வதே 1.7 மி.மீ.தான், அதில் மூன்றில் ஒரு பங்கு போச்சு. நிஜத்திலும் இதே கணக்கு: 200 மீட்டர் கம்பி ஏறக்குறைய 35 மி.மீ. நீளும், நாக்கு நகர்வது சுமார் 10 செ.மீ. அளவைச் சுருக்கினாலும் விகிதம் சுருங்காது. பித்தளை போட்டிருந்தால் இன்னும் மோசம்.

கம்பியைச் சரிபாதியில் வெட்டி, நடுவில் அச்சில் ஆடும் நெம்பு ஒன்று வையுங்க. ஒரு பாதியை மேல்முனையில் மாட்டுங்க, மறுபாதியைக் கீழ்முனையில். இரண்டும் சமமாக நீளும், ஒன்றையொன்று அடித்துவிடும். ஆனால் தள்ளல் இழுப்பாகிவிடும், அதனால் பாயிண்ட் எதிர்ப்பக்கம் நகரும். லீவரின் இயல்புநிலையை மாற்றி வைக்க மறக்காதீங்க.

லீவர்_12:
எனக்கு அதைவிட அந்த 'ஜம்மென்று' தான் பயமா இருக்கு. நாக்கு ஒட்டாதபோது கைகாட்டி இறங்கவே கூடாது. நாக்கோடு நகரும் தகட்டில் ஒரு வெட்டு, கைகாட்டிக் கம்பியில் இன்னொரு தகடு, ஒன்றுக்கொன்று குறுக்காக. வெட்டு நேராக வந்தால்தான் கம்பித் தகடு நுழையும். நிஜப் பாதையில் ஜல்லிக்கல் ஒன்று நாக்கில் சிக்கினாலும் இதுதான் காப்பாற்றும். லீவர் இழுக்கும் வரிசை: பாயிண்ட், பூட்டு (நாக்கை அசையாமல் பிடிப்பது), ஹோம் (நிலையத்துக்கு முன் நிறுத்தும் கைகாட்டி), கடைசியில் டிஸ்டன்ட் (தொலைவிலேயே எச்சரிக்கும் கைகாட்டி). திருப்பும்போது தலைகீழ்.

நிறம் பிரிட்டிஷ் வழக்கப்படி: பாயிண்ட் கறுப்பு, பூட்டு நீலம், நிறுத்தும் கைகாட்டி சிவப்பு, எதோடும் இணைக்காத உபரி லீவர் வெள்ளை. டிஸ்டன்டுக்கு மஞ்சள் அடிச்சிடாதீங்க! அது 1920-களின் பிற்பகுதியில் வந்தது. உங்க காலத்துக்கு லீவர் பச்சை, கை சிவப்பு, நுனியில் மீன்வால் வெட்டு.

செந்தூல்காரன்:
ஒன்று விட்டுப்போச்சு. கைகாட்டிக் கம்பி இழுக்க மட்டும்தான், அதற்கு நெம்பு வேண்டாம், கேபின் பக்கம் இறுக்கும் திருகு போதும். நிஜத்தில் 600 மீட்டர் கம்பி அதே 15 டிகிரியில் 10 செ.மீ. தளரும், கை பாதிதான் இறங்கும். சாயங்கால மழையில் திருகைத் தளர்த்தாவிட்டால் இறுகிவிடும், கை முழுசா மேலே திரும்பாமல் தொங்கும். ஆபத்து இதில்தான் அதிகம்.

பிறைக்கரை:
நன்றி அண்ணே. பச்சை பெயிண்ட் வாங்கணும்.