சிங்க் ஆப் பின்னணியில் ஓடாமல் கிளவுட் ஸ்டோரேஜ் பயன்படுத்துவது எப்படி?

வைகைக்கரை:
விண்டோஸ் 10 லேப்டாப், 4 ஜிபி ரேம், எஸ்எஸ்டி இல்லை, பழைய ஹார்டு டிஸ்க்தான். இரண்டு கிளவுட் சிங்க் ஆப்கள் ஓடுகின்றன. ஆன் செய்ததும் டாஸ்க் மேனேஜரில் டிஸ்க் 100 சதவீதத்தில் போய் நிற்கிறது, வேர்டு திறக்கவே நேரமாகிறது. எனக்கு வேண்டியது இவ்வளவுதான்: டி டிரைவில் உள்ள 40 ஜிபி ஃபோல்டர் (பிடிஎஃப், எக்செல், ஸ்கேன்கள்) நாளுக்கு ஒருமுறை கூகுள் டிரைவில் ஏற வேண்டும். எப்போதாவது ஒரு பழைய ஃபைலை இறக்கிக்கொள்வேன். ஆப் இல்லாமல் முடியுமா?

பொதிகை:
தாராளமாக முடியும். சிங்க் ஆப் ஆன் ஆனதும் தன் பட்டியலோடு ஃபோல்டரை ஒப்பிடும், பிறகு ஏதாவது மாறுகிறதா என்று நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டே இருக்கும். ஆயிரக்கணக்கான சின்ன ஃபைல்களை ஹார்டு டிஸ்க் தேடித் தேடித் தொடுவதால்தான் அந்த 100 சதவீதம். ரேம் நிரம்பிவிட்டால் அதில் கொள்ளாததை வைக்கும் பேஜ் ஃபைலும் அதே டிஸ்கில் எழுதப்படும். நாளுக்கு ஒருமுறை போதும் என்கிற உங்களுக்கு இந்தக் காவல் தேவையே இல்லை.

ஆர்க்ளோன் (rclone) போடுங்கள், கமாண்ட் கொடுத்து ஃபைல்களை கிளவுடுக்கு ஏற்றும் மென்பொருள் அது. இலவசம், ஒரே ஒரு எக்ஸி ஃபைல், இன்ஸ்டால் கிடையாது. கூப்பிட்டால் ஓடும், வேலை முடிந்ததும் மெமரியை விட்டு வெளியேறிவிடும். கமாண்ட் பிராம்ப்டில் 'ஆர்க்ளோன் கான்ஃபிக்' கொடுத்து, புதிய ரிமோட்டுக்கு (கிளவுட் கணக்குக்கான இணைப்பு) ஒரு பெயர் வைத்து, கூகுள் டிரைவைத் தேர்ந்தெடுத்தால் பிரவுசர் திறந்து அனுமதி கேட்கும்.

இதில் இரண்டு இடங்களில் கவனம் வேண்டும். முதலாவது கிளையன்ட் ஐடி, அதாவது ஆர்க்ளோன் கூகுளிடம் காட்டும் அடையாளம். காலியாக விட்டால் எல்லோரும் பயன்படுத்தும் பொது ஐடி வழியாகப் போகும், நெரிசலில் வேகம் குறையும். கூகுள் கிளவுட் கன்சோலில் டிரைவ் ஏபிஐயை (மற்ற மென்பொருள்கள் டிரைவை அணுகும் வழி) இயக்கி, டெஸ்க்டாப் வகையில் சொந்த ஐடி எடுத்துக்கொள்ளுங்கள். அதன் அனுமதித் திரையை 'டெஸ்டிங்' நிலையிலேயே விட்டால் 7 நாளில் டோக்கன் (நீங்கள் கொடுத்த அனுமதி) காலாவதியாகி பேக்கப் நின்றுபோகும். 'புரொடக்‌ஷன்' நிலைக்கு மாற்றிவிடுங்கள்.

இரண்டாவது ஸ்கோப், அதாவது டிரைவில் எதுவரை அனுமதி என்பது. 3-ஆவது தேர்வு, ஆர்க்ளோன் தானே ஏற்றிய ஃபைல்களை மட்டும் பார்க்க விடும். பாதுகாப்புக்கு அதுதான் நல்லது. ஆனால் ஆப் வழியாக நீங்கள் ஏற்கெனவே ஏற்றியவை அதன் கண்ணில் படாது. கூகுள் டிரைவில் ஒரே பெயரில் இரண்டு ஃபோல்டர் இருக்கலாம் என்பதால் 40 ஜிபியும் மறுபடி ஏறி இடத்தை அடைக்கும். பழையதையே தொடர வேண்டுமென்றால் 1-ஆவது தேர்வு (முழு அனுமதி).

ஏற்றுவதற்கு 'காப்பி' மட்டும் பயன்படுத்துங்கள். 'சிங்க்' வேண்டாம். லேப்டாப்பில் தவறுதலாக அழித்ததை அது கிளவுடிலும் அழித்துவிடும். முதல் தடவை 'ட்ரை-ரன்' சேர்த்து ஓட்டினால் எதுவும் ஏறாது, என்ன நடக்கும் என்று மட்டும் காட்டும்.

உங்கள் மெஷினுக்கு 'டிரான்ஸ்ஃபர்ஸ்' (ஒரே நேரத்தில் ஏறும் ஃபைல்கள்) 2, 'செக்கர்ஸ்' (ஒரே நேரத்தில் ஒப்பிடுபவை) 4, 'பஃபர்-சைஸ்' (ஒரு ஃபைலுக்கு எடுக்கும் மெமரி) 4எம் என்று குறைத்துவிடுங்கள் (இயல்பில் 4, 8, 16எம்). 'செக்சம்' (உள்ளடக்கத்தை வைத்து ஒப்பிடும் ஆப்ஷன்) சேர்க்காதீர்கள், சேர்த்தால் ஒப்பிடுவதற்காகவே எல்லா ஃபைலையும் முழுக்கப் படிக்கும். அளவும் தேதியும் பார்த்தாலே போதும். நெட் வேகத்தைக் கட்டுப்படுத்த 'பிடபிள்யூலிமிட்' 512கே. அது பைட் கணக்கு, பிட் அல்ல. ஆக, சுமார் 4 எம்பிபிஎஸ்.

கரிசல்காடு:
பொதிகை சொன்னது சரி. ஆனால் பழைய ஆப்களைத் தூக்குவதற்கு முன் இதைப் பாருங்கள். ஃபைல் பக்கத்தில் மேகக் குறி இருந்தால் டிஸ்கில் இருப்பது வெறும் பெயர்தான், உள்ளடக்கம் மேலே இருக்கிறது. வலது கிளிக் செய்து 'எப்போதும் இந்தச் சாதனத்தில் வைத்திரு' கொடுத்து, எல்லாம் இறங்கி முடியட்டும். ஒன்டிரைவ் உங்கள் டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ் ஃபோல்டர்களைத் தன்னிடம் இழுத்து வைத்திருந்தால், செட்டிங்ஸில் அந்த பேக்கப்பை நிறுத்திவிட்டுத்தான் கணக்கைத் துண்டிக்க வேண்டும்.

தினசரி ஓட்டத்துக்கு, குறித்த நேரத்தில் வேலையைத் தொடங்கும் விண்டோஸின் டாஸ்க் ஷெட்யூலர் போதும். லேப்டாப்பில் பலருக்கு அது ஓடாமலே போவதற்குக் காரணம், சார்ஜர் செருகியிருந்தால் மட்டும் ஓடும்படி கண்டிஷன்ஸ் பகுதியில் இயல்பாகவே டிக் இருக்கும். அதை எடுத்துவிடுங்கள். குறித்த நேரத்தில் லேப்டாப் அணைந்திருந்தால் பிறகு ஓட்டும் தேர்வு செட்டிங்ஸ் பகுதியில் உண்டு, அதற்கு டிக் போடுங்கள். டாஸ்க் வேறு யூசர் பெயரில் ஓடினால் ஆர்க்ளோனுக்கு உங்கள் கான்ஃபிக் ஃபைல் கிடைக்காது. 'கான்ஃபிக்' ஆப்ஷனில் முழுப் பாதையையும் கொடுங்கள். நடந்ததைப் பதிவு செய்யும் 'லாக்-ஃபைல்' கட்டாயம் வேண்டும். அது இல்லாவிட்டால் பேக்கப் நின்றுபோனதே தெரியாது.

வைகைக்கரை:
இருவருக்கும் நன்றி. ஃபைல் எடுக்க 'மவுண்ட்' செய்து தனி டிரைவ் எழுத்தாக வைத்துக்கொள்ளலாமா? இன்னொரு சந்தேகம்: எக்செல் ஃபைல் கெட்டுப்போனால் கெட்டதே மேலே ஏறி நல்லதை மாற்றிவிடுமே?

பொதிகை:
மவுண்ட் செய்ய வின்எஃப்எஸ்பி என்ற துணை மென்பொருளை இன்ஸ்டால் செய்ய வேண்டும், டிரைவ் தெரிகிற வரை ஆர்க்ளோன் ஓடிக்கொண்டே இருக்கும். நீங்கள் ஒழிக்க நினைப்பதே அதைத்தானே. படங்கள் உள்ள ஃபோல்டரை எக்ஸ்ப்ளோரரில் திறந்தால் தம்ப்னெயிலுக்காக அவற்றை இறக்கத் தொடங்கும். 'விஎஃப்எஸ்-கேஷ்-மோட்' (டிஸ்கில் தற்காலிகப் பிரதி வைக்கும் ஆப்ஷன்) கொடுக்காவிட்டால் வேர்டு, எக்செல் போன்றவை அதில் சேமிக்கத் தடுமாறும், கொடுத்தால் கேஷ் உங்கள் சி டிரைவில் வளரும். எப்போதாவது ஒரு ஃபைல் என்றால் பிரவுசரில் டிரைவைத் திறந்து இறக்கிக்கொள்வதே மேல்.

இரண்டாவது சந்தேகம் நியாயமானது. 'பேக்கப்-டிர்' ஆப்ஷனைச் சேருங்கள். மாற்றப்படும் பழைய ஃபைல் அழியாமல் நீங்கள் சொல்லும் ஃபோல்டருக்கு நகரும். அது அதே ரிமோட்டில், ஆனால் பேக்கப் போகும் ஃபோல்டருக்கு வெளியே இருக்க வேண்டும். பெயரில் தேதி வருமாறு பேட்ச் ஃபைலில் (கமாண்டை எழுதிவைக்கும் ஃபைல்) எழுதினால் எந்த நாளின் பிரதி என்று தெரியும்.

கரிசல்காடு:
ஒன்று விட்டுப்போனது. காப்பி ஆகும்போதே ஃபைலில் எழுதிக்கொண்டிருந்தால், மூல ஃபைல் மாறிக்கொண்டிருப்பதாகச் சொல்லி ஆர்க்ளோன் அதை விட்டுவிடும். டாலி கணக்கு ஃபைல், அவுட்லுக்கின் மெயில் ஃபைலான பிஎஸ்டி போன்றவற்றில் இது அடிக்கடி வரும். அந்தச் சோதனையையே நிறுத்த ஒரு ஆப்ஷன் இருக்கிறது, டேட்டாபேஸுக்கு அதைத் தொடாதீர்கள், அரைகுறைப் பிரதிதான் ஏறும். அந்த மென்பொருள்களை மூடியிருக்கும் நேரமாகப் பார்த்து டாஸ்க்கை வையுங்கள்.