எம்ஜிபி 1966: இரட்டை எஸ்யூ கார்புரேட்டர், ஐடிலிங் நிலையாக நிற்கவில்லை

பழையசாவி:
எம்ஜிபி, பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார். 1798 சிசி இன்ஜின், இரண்டு எஸ்யூ ஹெச்எஸ்4 கார்புரேட்டர் (பெட்ரோலைக் காற்றோடு கலந்து தருபவை). சூடான பிறகு ஐடிலிங் நிமிடத்துக்கு 600 சுற்றுக்கும் 1100 சுற்றுக்கும் நடுவே அலைகிறது. 1, 2 பிளக்கில் கரி. 3, 4 வெளுத்திருக்கின்றன. ஆக்ஸிலரேட்டரைச் சட்டென்று மிதித்தால் திணறல். மிக்ஸ்சர் நட்டை (பெட்ரோல் அளவைக் கூட்டிக் குறைப்பது) திருகிப் பார்த்தும் பலனில்லை. எங்கே தொடங்குவது?

டேப்பட்சத்தம்:
முதலில் அந்த நட்டை விடுங்கள். இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது டேப்பட் இடைவெளி (வால்வுக்கும் அதை அழுத்தும் ராக்கருக்கும் நடுவே) 0.015 அங்குலம். 8ஆம் வால்வு முழுதாகத் திறந்திருக்கையில் 1ஆம் வால்வை அளங்கள், 7 திறந்தால் 2. இரண்டு எண்ணையும் கூட்டினால் எப்போதும் 9. பாயின்ட் (டிஸ்ட்ரிபியூட்டருக்குள் பொறிக்காகத் திறந்து மூடும் தொடுமுனை) இடைவெளி 0.015, பிளக் 0.025 அங்குலம். இவை சரியாகும்வரை கார்புரேட்டரைத் திருகுவது வீண்வேலை.

முன் கார்புரேட்டர் 1, 2க்கு, பின்னது 3, 4க்கு. கரி என்றால் பெட்ரோல் அதிகம், வெளுப்பு என்றால் குறைவு. ஆக உங்களிடம் இருப்பது இரண்டு தனித்தனிக் கோளாறாக இருக்கலாம். சோக்கை முழுதாக உள்ளே தள்ளிவிட்டு, முன் ஜெட்டை (பெட்ரோல் வெளிவரும் சிறுகுழாய்) அடியிலிருந்து விரலால் அழுத்துங்கள். மேலே நகர்ந்தால் சோக் கேபிளோ லிங்கேஜோ அதைக் கீழேயே பிடித்து வைத்திருக்கிறது. நகரவில்லையென்றால் மிதவை அறைக்குள் பெட்ரோல் வரவை அடைக்கும் நீடில் வால்வைப் பாருங்கள்.

பின்னதில் காற்றுக் கசிவைத் தேடுங்கள். ஐடிலிங்கில் ஓடவிட்டு, திராட்டில் ஸ்பிண்டிலின் (திராட்டில் தகடு சுழலும் தண்டு) இரு முனையிலும் மேனிஃபோல்டு கேஸ்கெட்டிலும் கார்ப் கிளீனரைத் துளியாக அடியுங்கள். வேகம் மாறினால் கசிவு அங்கேதான். இந்த இன்ஜினில் எக்ஸாஸ்டும் அதே பக்கம், கார்புரேட்டருக்கு நேர் கீழே. தாராளமாக அடித்தால் தீப்பிடிக்கும்.

பழையசாவி:
முன் ஜெட் மேலே நகர்ந்தது, கேபிள்தான். பின் ஸ்பிண்டிலில் அடித்ததும் வேகம் ஏறுகிறது, கையால் ஆட்டினால் ஆட்டமும் தெரிகிறது. புது ஸ்பிண்டில் போட்டால் போதுமா?

டேஷ்பாட்:
பெரும்பாலும் போதாது. அலுமினிய உடம்பிலுள்ள துளையும் தேய்ந்திருக்கும். ரீமர் போட்டுத் துளையைப் பெரிதாக்கி, புஷ் (உள்வளையம்) இறக்க வேண்டும். இரண்டு துளையும் ஒரே கோட்டில் வராவிட்டால் திராட்டில் இறுகும். லேத் வசதி இல்லாதவர்கள் அந்த ஒரு வேலையை மட்டும் வெளியே கொடுப்பது நல்லது.

கழற்றும்போது கார்புரேட்டரின் பிஸ்டனையும் அதன் மூடியையும் ஜோடி மாற்றிவிடாதீர்கள். பிஸ்டனிலிருந்து ஜெட்டுக்குள் இறங்கும் நீடிலின் தோள் பிஸ்டனின் அடிமுகத்தோடு சமமாக இருக்கட்டும். பூட்டியபின் பிஸ்டனைத் தூக்கி விட்டால் 'டக்' என்று விழ வேண்டும். விழாவிட்டால் ஜெட்டை நடுவில் அமர்த்துங்கள். டேம்பரில் (பிஸ்டன் சட்டென்று ஏறாமல் தடுப்பது) 20 கிரேடு ஆயில், பிஸ்டனின் உள்கம்பி நுனிக்கு மேல் 12 மிமீ. மிதித்தால் வரும் திணறலுக்கு ஆயில் வற்றியதே காரணமாகவும் இருக்கலாம்.

டியூனிங்: இரண்டு நட்டையும் முழுதாக மேலேற்றி, 12 முகம், அதாவது 2 சுற்று, கீழிறக்குங்கள். இன்ஜினைச் சூடாக்கி, இணைப்புக் கிளாம்புகளைத் தளர்த்தி, ரப்பர் குழாயைக் காதில் வைத்து இரு வாயிலும் உறிஞ்சும் சத்தம் ஒன்றாகும்வரை ஐடில் ஸ்க்ரூவைத் திருப்புங்கள். பிறகு மிக்ஸ்சர். பிஸ்டனை 0.8 மிமீ தூக்குங்கள்: வேகம் ஏறி அப்படியே நின்றால் பெட்ரோல் அதிகம், நட்டை மேலேற்றுங்கள், விழுந்தால் குறைவு, கீழிறக்குங்கள், லேசாக ஏறி அடங்கினால் சரி. ஒன்றைத் தொட்டால் மற்றது மாறும். அதனால் முன், பின், மறுபடி முன்.

டேப்பட்சத்தம்:
பாயின்டுக்குப் பதில் எலக்ட்ரானிக் இக்னிஷன் போடும் எண்ணமிருந்தால் பேட்டரியைப் பாருங்கள். 1966 வண்டி பாசிடிவ் எர்த், அதாவது பேட்டரியின் பாசிடிவ் முனை வண்டி உடம்போடு இணைந்திருக்கும். நெகடிவ் எர்த் மாடியூலைக் கொடுத்தால் அந்த நொடியே புகைந்துவிடும்.